அரைப் பேர்

பதினேழாம் பெட்டியில் பிள்ளைகள் எழும்பவில்லை.
கொப்பியில் இப்படித்தான் எழுதினேன்.
முதலாளி வாசித்துவிட்டு அந்தத் தாளைக் கிழித்தார்.
"பெட்டி வாங்க வாறவன் இதையும் பார்ப்பான், புஸ்பகாந்தி."

பிள்ளைகள் என்றது புழுக்களை.
அறைக்குள் மல்லாந்து கிடக்கும்,
தலை மட்டும் தோணி மூக்குப்போல் தூக்கி.
இழுத்தால் முழுசாக வரும்,
தண்ணி நிரம்பிய சின்னப் பை.
முதல் நாள் வெள்ளை. பிறகு தேயிலைச் சாயம்.
வேலைக்காரிகள் அதைக் கவ்விக்கொண்டு வாசலுக்கு வந்து
கீழே போட்டுவிட்டு உள்ளே திரும்பும்.
அழுமா, தெரியாது. நிற்காது, அது தெரியும்.

தியத்தலாவைக்கு மேலே, யூக்கலிப்டஸ் ஓரம்,
நூற்றி இருபது பெட்டி, இரண்டடிக்கு ஒன்று.
காட்டில் என்றால் ஒரு கூட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவில்
பள்ளத்தாக்கு ஒன்றாவது கிடக்கும்.
இங்கே வழிதவறினவள் பக்கத்து வாசலில் நுழைவாள்.
வாயில் தேனோடு வருகிறவளை யார் தடுப்பது?
நோயும் அப்படித்தான் வந்தது,
கையில் பலகாரத்தோடு.

ஆவணியில் பூ கொட்டியது.
மேல்தட்டு, கீழ்த்தட்டு,
பிள்ளைகளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த ஓரம் வரைக்கும்
சுழற்றி வடித்தோம்.
ஐப்பசி மழைக்கு அதுகளுக்கு என்ன மிச்சம் என்று கேட்டேன்.
"சீனி இருக்குதானே."
கிலோவுக்கு ஒரு லீட்டர் தண்ணி, கரையும்வரை கிண்டு.
நாற்பது நாள் மழை.
மாதக் கடைசியில் லயத்தில் நாங்கள்
வெறும் தேத்தண்ணியும் ரொட்டியுமாய் ஓட்டுவதுபோல அவையும் ஓட்டின:
வயிறு நிறையும், உடம்பு தேறாது.

மூன்று போத்தலுக்குக் குறைந்த பெட்டிக்கு
'அரை' என்று போடச் சொன்னார்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
பதினாறு வருஷம்,
பதினெட்டு கிலோ எட்டாத நாளெல்லாம்
எனக்கு விழுந்தது அரைப் பேர்.
மலையை விட்டு இறங்கி இந்த வேலைக்கு வந்தேன்;
இப்போது பேனை என் கையில்.

மாசியில் மொனராகலையில் இறப்பர் கொழுந்து விடும்,
இலைக்காம்பில் இனிப்பு ஊறும்.
லொறியில் இடம் குறைவு.
அரைகளை முழுவோடு கொட்டிச் சேர்க்கணும்.
பதினேழை முப்பத்தொன்றோடு.
முப்பத்தொன்று நல்ல பெட்டி என்றேன்.
"அப்ப அது இதையும் நல்லாக்கும்."
பதினேழின் ராணியை ரத்னபால நசுக்கினான்.
நான் யூக்கலிப்டஸ் பட்டை உரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிச்ச ராணிகள் ஓடாமலிருக்க
இறகு நறுக்க வேண்டும்.
நகம் வெட்டும் சின்னக் கத்தரி.
ராணி குத்தாது.
காதில் வைத்த கைக்கடிகாரம்போல
விரல்களுக்கு நடுவில் துடிக்கும்.
நாற்பது ராணிக்கு நறுக்கினேன்.
கை பழகிவிட்டது; அதைச் சொல்லாமல் விட்டால் பொய்.
முப்பத்தொன்றுக்கு மட்டும்
கத்தரி காற்றை வெட்டியது.
சத்தம் ஒன்றுதான். முதலாளி அடுத்த பெட்டிக்கு நகர்ந்தார்.

ஏன் என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாது.

மூன்றாம் நாள், பத்து மணி வெயிலில்,
கட்டு அவிழ்ந்த மாதிரி வெளியே வந்தன.
இரண்டு சுற்று சுற்றி
ரயில் பாதையைத் தாண்டி
புல்மலைப் பக்கம் போயின.
வேலையை விட்டு நான் நின்றேன்.
சந்தோஷம் ஒரு நிமிஷம் இருந்திருக்கும்.
பதினேழின் நோயையும் தூக்கிக்கொண்டுதான் போகின்றன,
அங்கே பொந்துகளில்
எங்கள் பெட்டியையே பார்த்திராத கூடுகள் இருக்கும்
என்பது பிறகுதான் உறைத்தது.

ராத்திரி டோர்ச் வெளிச்சத்தில் லொறி ஏற்றினோம்.
வாசல்களுக்கு வலை, வலைக்கு மேல் ஈரச் சாக்கு.
கணக்குச் சரியாக இருக்க
முப்பத்தொன்றையும் ஏற்றச் சொன்னேன்.
எல்ல இறக்கத்தில், ஒவ்வொரு வளைவிலும்,
உள்ளே எங்கேயோ ஒரு அடை முறியும் சத்தம்.
முறிய ஒன்றுமில்லாத அந்தப் பெட்டிதான்
என் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது.